கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாருக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

காட்பாடியிலிருந்து, திங்கள் இரவு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எங்கள் கையேடு வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போகவேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு பக்கத்தின் தலைப்பைத் தவிர. "கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்" என்பதற்குப் போன பதிப்பில் "குளிரூட்டி வெப்பநிலை உணரி" என்று போட்டிருந்தேன். இன்ஜினின் சூட்டைத் தணிக்க ஓடும் திரவம்தான் கூலன்ட், அதன் சூட்டை அறிந்து சொல்வது இந்த சென்சார். அகராதியைப் பார்த்துத்தான் போட்டேன். இன்று காலை அது என்ன செய்தது என்று சொல்கிறேன்.

வகுப்பில் ஒரு பழைய பெட்ரோல் வேன் இருக்கிறது. சாவியைத் திருப்பினால், இன்ஜின் ஓடத் தொடங்கும் முன்பே ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது. ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது, ஆனதும் கரும்புகை, பெட்ரோல் நெடி. ஸ்கேனரை மாட்டினால் பி0118 என்ற பிழை எண். கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டுகிறது. வேலூரில், கத்திரி வெயிலில், மைனஸ் 40! இன்ஜின் உறைபனியில் நிற்பதாக அதைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் நம்புகிறது. அதனால் பெட்ரோலை ஊற்றித் தள்ளுகிறது. கணக்கில் ஏதோ தப்பு என்றும் அதற்குத் தெரிகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓடவிடுகிறது.

நன்றாகப் படிக்கும் பையன் ஒருவனிடம் கையேட்டைக் கொடுத்து "நீயே சோதித்துப் பார்" என்றேன். திரும்பி வந்து பார்த்தால் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு ஏசியின் வெப்பநிலையை அறியும் தெர்மிஸ்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். ஏன் என்று கேட்டால், "குளிரூட்டி என்றுதானே சார் எழுதியிருக்கிறது?" என்கிறான். அவன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. ஏசி பஸ்ஸின் பக்கவாட்டில் "குளிரூட்டப்பட்டது" என்று படித்து வளர்ந்தவன் அவன். தப்பு என்னுடையது.

படித்தவுடன் பையனின் கை சரியான இடத்துக்குப் போகவேண்டும். அப்படி ஒரு சொல் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து, செவ்வாய் காலை

தம்பிக்கு வாழ்த்து.

நீங்கள் தேடும் இரண்டு சொற்களும் ஒரே குறளில் இருக்கின்றன.

"நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும்
வாய்நாடி வாய்ப்பச் செயல்."

முதலில் "தணி". தண் என்பது வேர். தண்மை, தணிதல், தண்ணீர் எல்லாம் அதன் கிளைகள். தண்ணீர் என்று நாம் வாய் நிறையச் சொல்வதே "தண்ணிய நீர்" என்றுதான். சுட்டால் அது வெந்நீர். இன்ஜினின் வெம்மையைத் தணிக்க ஓடும் நீரைத் தணிநீர் என்று சொல்லலாமே. மூன்று கால வினைத்தொகையாகவும் நிற்கும். நேற்றுத் தணித்த நீர், இன்று தணிக்கின்ற நீர், நாளைத் தணிக்கும் நீர்.

அடுத்தது "நாடி". நாடுதல் என்றால் தேடி ஆராய்தல். கையில் ஓடும் நாடியும் அதுவே என்பது என் கருத்து. மருத்துவர் நாடிப் பார்ப்பதால் நாடி ஆயிற்று. வடமொழியில் நாடீ என்று குழாய்க்குப் பெயர் உண்டு, அதிலிருந்து வந்தது என்பார்கள். நான் உடன்படுவதில்லை. அந்த உறுப்பு செய்வது என்ன? வெம்மையை நாடுகிறது. ஆகவே தணிநீர் வெம்மைநாடி.

சென்சாரை "உணரி" என்பதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. உணர்தல் மனத்தின் தொழில். தொல்காப்பியர் மரபியலில் "ஒன்று அறிவதுவே உற்று அறிவதுவே" என்கிறார். புல்லும் மரமும் அந்த ஓரறிவு உயிர்கள். தொடுவது ஒன்றுதான் அவற்றின் அறிவு. உங்கள் கருவிக்கும் அந்த ஓரறிவுதான். நாடி வேண்டாம் என்றால் "உற்றறி" என்று சொல்லுங்கள். "உணரி" மட்டும் வேண்டாம்.

ராணிப்பேட்டையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, உங்கள் குறள் விளக்கம் அருமை. "நோய்முதல் நாடி" என்பதை என் ஒர்க்‌ஷாப் சுவரிலேயே எழுதி வைக்கலாம். ஆனால் "நீர்" என்று மட்டும் கையேட்டில் போட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கூலன்ட் வெறும் தண்ணீர் இல்லை. தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் கலந்து, துருப்பிடிக்காமல் இருக்க மருந்தும் சேர்த்த கலவை. 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். நம் பக்கத்து டிரைவர்கள் அதையும் தண்ணீர் என்றே நினைத்து, போர்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றுகிறார்கள். உப்புத் தண்ணீர். ஒரு வருடத்தில் ரேடியேட்டர் உள்ளே காறை கட்டிவிடும். சென்சாரைக் கழற்றினால் முனையில் அரை மில்லிமீட்டர் சுண்ணாம்பு. வெந்நீர்ப் பானைக்கு உள்ளே படிவது போலத்தான். அப்புறம் அது எப்படிச் சூட்டைச் சரியாகச் சொல்லும்? தணிநீர் என்று எழுதினால் பையன் "நீர்தானே" என்று பைப்பைத் திறந்துவிடுவான்.

வாத்தியாரே, தலைப்பு எதுவானாலும் உள்ளே இதைச் சேருங்கள். மைனஸ் 40 என்றால் சென்சார் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். சென்சாரில் மாட்டியிருக்கும் ஒயர் முனையான கப்ளரைக் கழற்றி, இரண்டு ஒயர் கப்ளராக இருந்தால் அந்த இரண்டு பின்னையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். 140 டிகிரி பக்கம் தாவினால் ஒயரும் ஈசிஎம்மும் நல்லது, சென்சார்தான் போச்சு. அசையாமல் மைனஸ் 40-லேயே நின்றால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள், ஒயரைத் தேடுங்கள்.

சென்னையிலிருந்து (சொந்த ஊர் ஆம்பூர்), செவ்வாய் இரவு

பதினைந்து வருடமாக மொழிபெயர்த்துப் பிழைப்பவள் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, வெம்மை, வெப்பம், வெப்பநிலை மூன்றும் ஒன்றல்ல. அகல் விளக்கின் சுடருக்கு வெப்பநிலை மிக அதிகம். ஓர் அண்டா வெந்நீருக்கு அவ்வளவு இல்லை. ஆனால் அண்டாவில் இருக்கும் வெப்பம் சுடரில் இருப்பதைவிடப் பல மடங்கு. இந்தக் கருவி அளப்பது வெப்பநிலையை. பள்ளிப் பாடநூலில் அந்த வேறுபாட்டைப் படித்து வந்த பிள்ளைகளிடம் போய் நாம் "வெம்மை" என்று குழப்பலாமா? மானி என்றும் யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அதுவும் பொருந்தாது. மானி என்றால் அளவைக் கண்ணுக்குக் காட்டவேண்டும். இது காட்டுவதில்லை. மின்தடையை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுக் காட்டுவது ஈசிஎம்.

இரண்டு, "உணரி" ஊன்றிவிட்டது. ஐயா மன்னிக்கவேண்டும். மண்ணை வெட்டுவது மண்வெட்டி என்பது போல உணர்வது உணரி. ஆக்சிஜன் உணரி, அழுத்த உணரி என்று அந்தக் கையேட்டிலேயே வேறு பக்கங்களில் இருக்குமே. ஒரே வண்டியில் ஒன்று நாடி, ஒன்று உற்றறி, ஒன்று உணரி என்றால் பையன் எங்கே போவான்?

கூலன்டுக்கு "குளிர்வி" என்று ஒரு சொல்லை நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஏசியோடு குழம்பாது.

குடியாத்தத்திலிருந்து, புதன் காலை

அம்மா, மண்வெட்டி வாதம் சரிதான். உணரிக்கு நான் வழிவிடுகிறேன், மனமில்லாமல்.

குளிர்வி மட்டும் ஏவல்வினை. "குளிரச் செய்" என்று கட்டளையிடுகிறது. "கழற்று, துடை, குளிர்வி" என்று செய்முறை எழுதும் பக்கத்தில் அதைப் பெயராக எப்படிப் படிப்பது? தணிநீரில் நீர் ஆகாது என்றால் "தணிமம்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரவம், கலவை எதுவானாலும் அடங்கும்.

ஆரணியிலிருந்து, புதன் மதியம்

எல்லோரும் பெரியவர்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஸ்பேனரை இந்த ஊர் முழுக்க "பானா" என்கிறோம். அது இந்துஸ்தானியில் இருந்து வந்தது. ரிங் பானா, டபுள் பானா என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும். "திருகுகுறடு" என்று கேட்டால் கடைக்காரர் நம் முகத்தைப் பார்ப்பார். பானா தமிழாகிவிட்டதா இல்லையா? ஆகிவிட்டது என்றால் கூலன்ட் ஏன் ஆகக்கூடாது? வேற்றுமொழிச் சொல்லை நம் எழுத்துக்குள் கொண்டுவர "எழுத்தொடு புணர்ந்த சொல் ஆகும்மே" என்று தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறாரே.

குடியாத்தத்திலிருந்து, புதன் இரவு

ஆரணித் தம்பி தொல்காப்பியத்தின் எச்சவியலைத் தொட்டதால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த நூற்பா வடசொல்லுக்குச் சொன்னது. "வடவெழுத்து ஒரீஇ" என்பதை விட்டுவிட்டீர்கள். அயல் எழுத்தை ஒதுக்கி, நம் எழுத்து நடைக்கு ஏற்ப மாற்றினால்தான் அது சொல்லாகும். ஆங்கிலத்துக்கும் அதையே நீட்டிக்கொள்கிறேன், வாதத்துக்காக.

அப்படியானால் "கூலன்ட்" தேறாது. முதலாவது, தமிழில் சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்காது. "ஆவி ஞணநமன யரலவ ழளமெய், சாயும் உகரம் நாலாறும் ஈறே" என்கிறது நன்னூல். ட் அதில் இல்லை. இரண்டாவது, னகரத்தின் பின் டகரம் வராது. நண்டு, வண்டு, கண்டு என்று ணகரம்தான் டகரத்துக்கு இனம். ஆகவே தமிழில் அது "கூலண்டு" என்றுதான் இருக்க முடியும். அப்படி எழுதினால் மாணவன் கூலத்தோடு சேர்த்துப் படிப்பான். கூலம் என்றால் தானியம். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானிய வணிகர். மணிமேகலையைத் தந்தவர். இன்ஜினுக்குள் தானியம் எதற்கு?

ராணிப்பேட்டையிலிருந்து, புதன் இரவு

ஐயா, என் ஒர்க்‌ஷாப்பில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருட அனுபவம். அவர் "கூலண்டு மாத்தணும்" என்றுதான் சொல்வார். இதுவரை நான் அவர் உச்சரிப்பைத் தப்பு என்று நினைத்திருந்தேன். நன்னூல் அவர் பக்கம் என்று இன்றுதான் தெரிந்தது. நாளை அவரிடம் சொல்கிறேன், சந்தோஷப்படுவார்.

காட்பாடியிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. வேனும் சரியாகிவிட்டது. முதலில் அதைச் சொல்கிறேன்.

இன்ஜின் ஆறியிருந்த காலை நேரத்தில் ராணிப்பேட்டை அண்ணன் சொன்னபடியே அந்தப் பையனிடம் செய்யச் சொன்னேன். கப்ளரைக் கழற்றிப் பின் இரண்டையும் இணைத்தான். ஸ்கேனரில் மைனஸ் 40 அசையவில்லை. மற்றவர்கள் புது சென்சார் வாங்கலாம் என்று கிளம்பினார்கள். இவன் விடவில்லை. சென்சாரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான், 1.7 கிலோ ஓம். எங்கள் வண்டியின் அட்டவணைப்படி 30 டிகிரிக்கு அதுதான் அளவு. டம்ளரில் வெந்நீர் ஊற்றி, சென்சாரைக் கழற்றி முனையை அதில் வைத்தான். எண் இறங்கிக்கொண்டே வந்தது. சூடு ஏற ஏறத் தடை குறையவேண்டும், குறைந்தது. 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேலே. சென்சார் நல்ல சென்சார்.

அப்புறம் கம்பியை மறுபடி இணைத்து, கப்ளருக்குப் பின்னால் ஒயரை விரல் விரலாக வளைத்துப் பார்த்துக்கொண்டே போனான். ஓர் இடத்தில் ஸ்கேனர் 140-க்குத் தாவியது. கையை எடுத்தால் மைனஸ் 40. மேலுறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. வெட்டி, ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டான். சென்சாருக்குப் புது வாஷர் போட்டு மாட்டி, கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, பிழை எண்ணை அழித்தான். கூலன்ட் 31 டிகிரி, உள்ளிழுக்கும் காற்றும் 31 டிகிரி என்று வந்தது. இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். ஃபேன் நின்றது, புகையும் இல்லை. ஐயா, நான் அந்தக் குறளை அவனுக்குச் சொன்னேன். "நோய்முதல்" என்ற சொல்லை அவன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். "கூலண்டு வெப்பநிலை உணரி" என்று வைத்திருக்கிறேன். உங்களில் மூன்று பேர் இதையோ இதற்கு நெருக்கமானதையோ சொன்னீர்கள். நாளை மாலைக்குள் இதைவிட நல்லது எனக்குக் கிடைக்காது. "தணிமம்" எனக்குப் பிடித்திருக்கிறது, உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் பையன் கடையில் போய்த் தணிமம் கேட்டால் கிடைக்காது, தவறாக ஏதாவது கொடுத்துவிட்டால் இன்ஜின் போய்விடும். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் "கூலண்டு எனப்படும் தணிமக் கலவை" என்று சேர்த்திருக்கிறேன். பக்கத்தின் அடியில் கட்டம் போட்டு "போர்த் தண்ணீர் ஊற்றவேண்டாம், இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டாம்" என்றும் இருக்கிறது.

சென்னையிலிருந்து, வியாழன் இரவு

எனக்குச் சம்மதம். குளிர்வியை நான் என் வேலையில் தொடர்வேன். கப்ளருக்கு என்ன போட்டீர்கள்?

காட்பாடியிலிருந்து, வியாழன் இரவு

கப்ளர் என்றே.

குடியாத்தத்திலிருந்து, வெள்ளி காலை

தம்பி, அந்தப் பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

அச்சுக்குப் போவதைத் தடுக்கமாட்டேன். ஆனால் என் மறுப்பு குழுவில் பதிவாகட்டும். உணரியை ஏற்றேன், வெப்பநிலையை ஏற்றேன், கூலண்டை ஏற்கவில்லை. தண் என்ற வேர் இருக்கும் மொழியில் இதற்குக் கடன் வாங்கவேண்டிய தேவை இல்லை. அடுத்த பதிப்பு எப்போது என்று தெரிந்தால் எழுதுங்கள். கப்ளரைப் பற்றியும் அப்போது பேசவேண்டும். "இணை" என்ற வேரிலிருந்து தொடங்கலாம்.