கலைச்சொல் உதவி: கொட்டாப்புளி செய்யும் பாடத்தில் 'ரீக்ளெய்ம்டு டிம்பர்'

அனுப்புநர்: தச்சுப் பயிற்றுநர், ஏற்காடு

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் தச்சு வகுப்புக்கு ஒரு செய்முறைத் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். உளியைத் தட்டுவதற்கு மாணவர்கள் ஆளுக்கொரு மரச்சுத்தியல் செய்துகொள்வதுதான் பாடம். இரும்புச் சுத்தியலால் அடித்து உளிப்பிடிகளைப் பிளந்தது போதும் என்று இந்த ஏற்பாடு.

இந்த மரச்சுத்தியலுக்கு, அதாவது ஆங்கில 'மேலட்' என்பதற்கு, கொட்டாப்புளி இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை. கேட்பது 'ரீக்ளெய்ம்டு டிம்பர்' என்பதற்கு. பழைய வீட்டையோ காப்பிக் கிடங்கையோ இடிக்கும்போது வருகிற உத்திரம், கைமரம், கதவு நிலை ஆகியவற்றை ஆணி நீக்கி, இழைத்து, மறுபடி வேலைக்கு எடுப்பது. 'பழைய மரம்' என்று எழுதிவிடலாமே என்பீர்கள். நம் மொழியில் நிற்பதும் மரம், அறுத்து அடுக்கியதும் மரம். 'பழைய மரத்திலிருந்து ஒரு துண்டு அறுத்துக்கொள்' என்று அச்சிட்டால் அரிவாளோடு எஸ்டேட்டுக்குள் போய்விடக்கூடிய பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். சொல் சிறியதாக வேண்டும். அளவுப் பட்டியலின் கட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

மீட்பு மரம். கடலைத் தூர்த்து நிலமாக்கினால் நிலமீட்பு என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான். அடகு வைத்த நகையை மீட்பதுபோல, விறகுக்குப் போகவிருந்த மரத்தை மீட்கிறோம். இதற்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை.

அனுப்புநர்: தச்சுப் பயிற்றுநர், ஏற்காடு

அம்மா, பொருள் பொருந்துகிறது. ஆனால் தேவாலயங்கள் நிறைந்த இந்த மலையில் 'மீட்பு மரம்' என்று கரும்பலகையில் எழுதினால் புனித வெள்ளிக்கு ஏதோ ஏற்பாடு நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அதை அறுத்துச் சுத்தியல் செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

அன்பர்களே, புதுச்சொல் தேடி ஓடுமுன் வீட்டில் இருப்பதைப் பார்க்க வேண்டும். 'பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்' என்கிறது 216ஆம் குறள். தொகை ஆயத்தமாக இருக்கிறது. முன்னே 'மறு' சேர்த்தால் மறுபயன்மரம்.

பயிற்றுநர் தம்பி கொட்டாப்புளியை விசாரிக்காமல் விட்டதுதான் எனக்கு வியப்பு. கொட்டு + ஆப்பு + உளி. இரண்டு இடத்திலும் குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறிய எளிய புணர்ச்சி. ஆப்பையும் உளியையும் கொட்டுவது என்று பொருள் கொள்ளலாம். ஆனால் இறுதி உறுப்பு உளியாக இருக்கும்போது அது ஒரு வகை உளியாக அல்லவா இருக்க வேண்டும்? சங்கத் தமிழில் அடிக்கும் கருவிக்குக் கூடம் என்று பெயர். புறநானூற்றின் 170ஆம் பாட்டில் கொல்லன் விசைத்தெறியும் கூடத்தை உலைக்கல் தாங்குகிறது. மரத்தாலானதை மரக்கூடம் எனலாம். ஆன்றோர் ஆட்சி உள்ள சொல்.

அனுப்புநர்: மரக்கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

புலவர் ஐயா, மரக்கூடம் என்றால் எங்கள் கிடங்கு என்று நினைத்து லாரிக்காரர் சுமையை இறக்கிவிடுவார். குறளின் பயன்மரம் ஊருக்குள் பழுத்து நிற்பது. மறுபயன்மரம் என்றால் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்குமா என்று நாற்றுப்பண்ணையில் போய்க் கேட்பார்கள்.

கொட்டாப்புளியில் இருப்பது உளி அல்ல, புளி. என் தாத்தா காலத்திலிருந்து அதன் தலைக்குப் புளியமரம்தான் கொடுக்கிறோம். செக்குக்கும் கறிக்கடைக் கட்டைக்கும் போகிற அதே மரம். இழை பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. கொட்டும் புளி, கொட்டாப்புளி. இதற்கு இலக்கணம் எதற்கு?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

அப்படியானால் மரத்தைச் சீவி மழமழப்பாக்கும் இழைப்புளியும் புளியமரமா, தம்பி? அது இழைப்பு + உளி. கொட்டாப்புளியும் அந்தக் குடும்பம்தான்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

அம்மையார் சொன்னது போதும். ஆயினும் ஒன்று. 'கொட்டா' என்பதைப் பிரித்து நிறுத்தினால் அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாக் குதிரை என்றால் ஓடாத குதிரை. அதே வாய்பாட்டில் கொட்டாப் புளி என்றால் கொட்டாத புளி; வல்லினம் மிகுவதுகூட விதிப்படி சரியாக அமைந்துவிடுகிறது. அடிக்காத சுத்தியலை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வார்?

அனுப்புநர்: தச்சுப் பயிற்றுநர், ஏற்காடு

இன்று புதன்கிழமை என்பதை நினைவூட்டுகிறேன்.

சொல்லைப் பற்றிப் பேசுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன், உதவும். தலையில் இழை நீளவாட்டில் ஓடும். அடிவாங்கும் இரண்டு முகங்களும் மரத்தின் குறுக்குவெட்டு. முகங்கள் நேர்க்கோணத்தில் இருக்காது. தலை மேலே சற்று நீளமாகவும் கைப்பக்கம் சற்றுக் குறுகியும் இருக்கும். முழங்கையிலிருந்து வளைவாக வீசும்போது முகம் உளியின் தலையில் தட்டையாக விழ வேண்டும் என்பதற்காக. தலையின் நடுவே ஊடுதுளை. அதுவும் மேல்வாய் அகன்று கீழ்வாய் குறுகியது. கைப்பிடியை மேலிருந்து நுழைத்துக் கீழே இழுக்க வேண்டும். வீச வீசத் தலை வெளியே பாயப் பார்க்கும், பாயப் பார்க்கும்போதெல்லாம் இறுகும். பசை இல்லை, ஆணி இல்லை. ஐயா சொன்ன ஆப்பும் இல்லை.

துளை பொளிவதைவிட ஆணி தேடுவதில்தான் நேரம் போகிறது. உத்திரத்தின் மேல் காந்தத்தை மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஆணி ஒடிந்து உள்ளே தங்கிய இடத்தில் பெரும்பாலும் மரம் கறுத்திருக்கும். அங்கே இரட்டைக் கவனம். பித்தளை ஆணி காந்தத்துக்குச் சிக்காது, இழைப்புளியின் அலகுக்குத்தான் சிக்கும். பழைய கதவின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே என்று ஒரு கட்டம் தனியாக வைத்திருக்கிறேன். தண்டவாளத்தின் அடியில் கிடந்த பழைய கட்டைகளையும் தடுத்துவிட்டேன். மரம் உளுக்காமலிருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறியவை அவை. ஆகவே நமக்கு வேண்டிய சொல் 'எங்கோ கிடந்த மரம்' என்ற பொருளைத் தரக் கூடாது. ஒன்றிலிருந்து கழற்றி எடுத்தது என்பது தெரிய வேண்டும்.

அனுப்புநர்: மரக்கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் முதல் மடலிலேயே முடித்திருப்பேன். கடையில் நாங்கள் சொல்வது 'பிரித்த மரம்'. வீடு பிரித்த மரம், கூரை பிரித்த மரம். புது மரம் ஒரு விலை, பிரித்த மரம் ஒரு விலை. உங்கள் மாணவரின் அப்பாவுக்கும் புரியும்.

கூடவே ஒரு யோசனை. வீடு பிரித்ததில் பெரும்பாலும் தேக்குதான் வரும். தேக்கு தலைக்கு இலேசு, கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்குப் பழைய செக்குக் கட்டையோ கருவேலமோ தேடுங்கள். உங்கள் மலையில் காப்பிக்கு நிழலாக நிற்கிற சில்வர் ஓக் வேண்டவே வேண்டாம். அதைப் பலகையாக்கலாம், அதால் அடிக்க முடியாது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

'பிரித்த மரம்' பேச்சு. கலைச்சொல் அன்று. இறந்தகாலப் பெயரெச்சமும் பெயரும் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவே. ஆனால் தம்பி கொடுத்த வேர் நல்ல வேர். வினைத்தொகையாக்குங்கள்: பிரிமரம். ஊறுகாய், சுடுசோறு போல. முக்காலமும் அடங்கும், கட்டத்திலும் அடங்கும். பிரிபலகை, பிரிசட்டம் என்று கிளைக்கவும் செய்யும். என் மறுபயன்மரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

வினைத்தொகை முக்காலத்தையும் அடக்குவதுதான் ஆபத்து, ஐயா. 'பிரி' தன்வினையும் ஆகும், பிறவினையும் ஆகும். பிரித்த மரம் என்று நீங்கள் விரிப்பீர்கள். பிரிகின்ற மரம் என்று பையன் விரிப்பான். அடிக்க அடிக்கப் பிரிந்து போகிற மரத்தில் சுத்தியல் செய் என்று தாளே சொன்ன மாதிரி ஆகும். எதிர்காலமாக விரித்தால் இன்னும் மோசம்.

கடைக்காரத் தம்பிக்கும் ஒரு கேள்வி. ஒற்றைக் கட்டையில் குடைந்த செக்கு பிரித்த மரமா? அதில் பிரிக்க என்ன இருக்கிறது?

அனுப்புநர்: மரக்கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

செக்கைக் களத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாலும் எங்கள் கணக்கில் பிரித்த மரம்தான், அம்மா. கடையில் யாரும் இவ்வளவு கேட்பதில்லை.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

1916இல் இராஜாஜி முதலானோர் அறிவியல் சொற்களுக்கென்று சங்கம் கண்டது இதே சேலத்தில். அன்று 'பரிபாஷை' என்றார்கள்; இன்று 'கலைச்சொல்' என்கிறோம். அந்த மாற்றம் யாரோ பிடிவாதமாக நின்றதால் வந்தது. அன்றைக்கும் 'இது புரியாது' என்று சொல்ல ஆள் இருந்திருப்பார்கள். ஒரு தலைமுறை சொன்னால் எதுவும் புரிந்துவிடும்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

ஒரு தலைமுறை சரி, ஐயா. பயிற்றுநருக்கு ஒன்றரை நாள்தான் இருக்கிறது. 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்கிற நன்னூல் 462ஐ யாராவது எடுப்பதற்குள் முடித்துக்கொள்வோம். மீட்பு மரத்தை நான் விட்டுவிடுகிறேன், மனமில்லாமல்தான். பிரித்த மரத்துக்கு என் ஒப்புதல்.

அனுப்புநர்: தச்சுப் பயிற்றுநர், ஏற்காடு

அனைவருக்கும் நன்றி. மூவர் ஒருபக்கம், புலவர் ஐயா ஒருபக்கம். முதல் வரியில் 'வீடு பிரித்த மரம்' என்று விரித்து எழுதுகிறேன். பிறகு எல்லா இடத்திலும் 'பிரித்த மரம்'. கட்டத்துக்குள் இடித்துப்பிடித்து அடங்கிவிட்டது. கொட்டாப்புளி கொட்டாப்புளியாகவே இருக்கிறது.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

பெரும்பான்மை இலக்கணம் ஆகாது. குழுவின் சொற்பட்டியலில் பிரிமரத்தையும் அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்கக் கோருகிறேன். மறுப்பு பதிவாக வேண்டும்.

தாளின் வரைவைப் படித்தேன். 'முகத்தின் ஓரம் பிய்ந்து போகாமலிருக்க விளிம்பைச் சாய்வாகச் சீவவும்' என்று 12 இடத்தில் வருகிறது. இதற்கு ஒரு சொல் வேண்டாமா? 'விளிம்பு' என்பதன் வேரிலிருந்து தொடங்கலாம்.

அனுப்புநர்: தச்சுப் பயிற்றுநர், ஏற்காடு

ஐயா, தாளை அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்.