புதுப்பிப்பு: மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின் சிறுநீரில் பூஞ்சை

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய ஐந்தாவது வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல், எரிச்சல், சிறுநீரில் கேண்டிடா பூஞ்சை என்று எழுதியிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. "உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் வழி காட்டியது. இருந்தது; சிறுநீர் தடையின்றி வடிய அறுவையின்போது சிறுநீர்க்குழாயில் வைக்கும் மெல்லிய குழாய் அது. பூஞ்சை அதன்மேல் படலமாகப் படிந்துவிட்டால் மருந்து மட்டும் போதாது. மருத்துவர் ஸ்டென்ட்டை எடுத்துவிட்டு, ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை 14 நாட்கள் கொடுத்தார்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. நான்காம் நாள் அண்ணனின் கை நடுங்கித் தேநீர் தட்டில் சிந்தியது. புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அவர் எடுக்கும் மருந்து டாக்ரோலிமஸ். ஃப்ளூகோனசோல் இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்; அளவு கூடினால் கை நடுங்கும். பரிசோதித்து டாக்ரோலிமஸைக் குறைத்தார்கள், நடுக்கம் நின்றது. பூஞ்சை மருந்து முடிந்ததும் மறுபடி அளவு பார்த்துக் கூட்டினார்கள். தயவுசெய்து இதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

நேற்றைய சிறுநீர் கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) முடிவில் பூஞ்சை இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.3.