சீன ஞானிகள் சொன்னது இன்றைய அரசியலில் உறைத்த தருணம் – உங்களுக்கு எது?

தோபாயோவாசி
பராமரிப்புப் பணம் கேட்டுப் பிள்ளைகள்மீது பெற்றோர் மனுப் போட வழிசெய்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் சிங்கப்பூரில் 1995இல் வந்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்போது எங்கே திரும்பினாலும் ஆசிய விழுமியம், கன்பூசியஸ் என்றே பேச்சு.

எங்கள் புளோக் கீழே கோப்பிக் கடையில் தினமும் ஒரே மேசையில் உட்காரும் சீனப் பெரியவர் ஒருவர். மனுப் போட்டு, சமரசம் பேசி, மாதாமாதம் இவ்வளவு என்று முடிவாகியிருந்தது. ஒருநாள் மகன் வந்தான். உட்காரவில்லை. வெள்ளை உறையைக் கோப்பித் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடியே போய்விட்டான். தட்டில் சிந்தியிருந்த கோப்பி உறையின் ஓரத்தில் மெல்ல ஊறியது. பெரியவர் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். பெற்றோரைப் பேணுவது எது என்று கேட்ட மாணவர் சூயூவுக்குக் கன்பூசியஸ் சொன்ன பதில் அது. மரியாதை இல்லாவிட்டால் இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று முடிகிறது. நாலு வருஷமாகிறது, அந்த ஈர உறை கண்ணை விட்டுப் போகவில்லை.

ஷின்சூ_ஆய்வகம்
எனக்கு 'ஜெங்மிங்'. அதாவது பெயர்களைச் சரிசெய்தல். வெய் நாட்டு ஆட்சியைக் கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்குக் கன்பூசியஸ் சொன்னது. 2018 நவம்பரில் தைவானில் வாக்கெடுப்பு: ஒலிம்பிக்கில் 'சீன தைபே'யை விட்டுவிட்டு 'தைவான்' என்றே போகலாமா? என் ஆய்வகத் தோழி 'ஜெங்மிங்' என்ற சொல்லை மடிக்கணினி மூடியிலேயே ஒட்டி வைத்திருந்தாள்.

அந்த வாரம் அவள் வீட்டில் சாப்பாடு. அவள் அப்பா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அதே சொல்லைச் சொன்னார்: "நம் தைவான் அரசமைப்பில் இருக்கிற பெயர் சீனக் குடியரசு. சரிசெய்வதென்றால் அதைத்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்." இருவருக்கும் ஒரே வரி. அம்மா பேசாமல் என் கிண்ணத்தில் சூப் ஊற்றிக்கொண்டே இருந்தார், அது வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. வாக்கெடுப்பு தோற்றது. திங்கட்கிழமை அவளிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வடக்கு வாசல்
2011 தொடக்கத்தில் தியானன்மென் சதுக்கத்தை ஒட்டி, தேசிய அருங்காட்சியகத்தின் முன் 9.5 மீட்டர் வெண்கலக் கன்பூசியஸைப் பார்த்துப் படம் எடுத்தேன். மே மாதம் திரும்பப் போனால் ஆளைக் காணோம். ஏப்ரலில் ஓர் இரவில் எடுத்திருக்கிறார்கள். காவலரிடம் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் தோபாயோவாசி அண்ணே, நீங்கள் சொன்ன சட்டத்தைக் கன்பூசியஸ் கணக்கில் எழுதாதீர்கள். ஆணையாலும் தண்டனையாலும் நடத்தினால் மக்கள் தப்பிக்கத்தான் பார்ப்பார்கள், வெட்கம் வராது என்றவர் அவர். பரிசு, தண்டனை என்ற இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து ஆளச் சொன்னது, கடுஞ்சட்டத்தை நம்பிய பழைய சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய். சட்டம் ஹான் ஃபெய்யுடையது, மேலே ஒட்டிய பெயர்தான் கன்பூசியஸ். எந்தத் தலைவர் பழைய வரியை எடுத்தாலும், அது யார் கேட்டு யாருக்குச் சொன்னது என்று முதலில் பாருங்கள். முன்னும் பின்னும் பத்து வரி படியுங்கள். அதே மரபிலிருந்து நேரெதிர் முடிவுக்கு வந்தவர்களையும் படியுங்கள். ஆசியப் பண்பாட்டுக்கு மேற்கத்திய மக்களாட்சி ஒத்துவராது என்ற லீ குவான் யூவுக்கு 1994இல் பதில் எழுதிய கிம் டே ஜுங், கன்பூசியஸ் மரபில் வந்த மென்சியஸைத்தான் சாட்சிக்கு அழைத்தார். நாலு வருஷத்தில் அவரே தென்கொரிய அதிபர்.

நூல்_வியாபாரி
2022 ஷாங்காய் ஊரடங்கு. எங்களுக்குச் சரக்கு அனுப்பும் அக்கா வீடியோவில் மிச்சமிருந்த ஒரே முட்டைக்கோஸைத் தூக்கிக் காட்டினார். பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீன் சமைப்பதுபோல என்ற தாவோ ஞானி லாவோட்சு வரியைச் சொல்லி, "கிளறிக்கொண்டே இருக்கிறார்கள் தம்பி, மீன் உடைந்துபோச்சு" என்றார். 1988இல் ரீகனும் 2013இல் ஷி ஜின்பிங்கும் சொன்ன அதே வரி.

தோபாயோவாசி
வடக்கு வாசல், சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை விட்டுவிட்டேன். கடை மூடும் நேரத்தில் பெரியவர் அந்த உறையை எடுத்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்து, உள்பையில் வைத்துக்கொண்டார். வீட்டு வாடகை அதில்தான்.