கம்பு போட்டால் புறாதான் வருகிறது, புழு தின்னும் குருவியை எப்படி வரவழைப்பது?

கேள்வி (நாகமலை புதுக்கோட்டை)

வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம். கத்தரி, வெண்டை, அவரை, இரண்டு மல்லிகை, ஓரத்தில் ஒரு முருங்கை. மருந்து அடிப்பதில்லை; சின்னவள் வெண்டைப் பிஞ்சைப் பறித்து அப்படியே கடிப்பாள். குருவி வந்தால் புழு ஒழியும் என்றார்கள். சித்திரையிலிருந்து காம்பவுண்ட் சுவரில் தினமும் ஒரு கைப்பிடி கம்பும் நொய்யும் போட்டேன். வந்தது அத்தனையும் மாடப்புறா. தின்றது போதாதென்று முளைத்து நின்ற தண்டங்கீரையையும் நோண்டிவிட்டன. கத்தரியில் புழு, அவரையில் புழு, மல்லி மொட்டில் புழு, எதுவும் குறையவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் (அலங்காநல்லூர் பக்கம், விவசாயி)

தாயி, தப்பு கம்பில்தான். கம்பு போட்டால் கம்பு தின்கிறதுதான் வரும். புழு தின்கிற குருவிக்குச் சாப்பாடு உங்கள் செடியிலேயே கிடக்கிறது, உட்காரத்தான் இடமில்லை.

எங்களுக்குப் பெரியாறு வாய்க்கால் பாசனம். நெல் நட்டு வேர் பிடித்ததும் தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றிவிடுவேன், ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து. கரிச்சான் அதில் உட்கார்ந்துகொண்டு பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். மற்றக் குருவியெல்லாம் அடைந்த பிறகும் இருட்டுகிற வரை அதற்கு வேலைதான். அந்துப்பூச்சி கிளம்புகிற நேரமும் அதுதானே. தாய் அந்து போனால் முட்டை ஏது? கதிர் பால் பிடித்ததும் மட்டையைப் பிடுங்கிவிடுவேன், இல்லாவிட்டால் நெல் தின்கிறது வந்து உட்காரும்.

உங்கள் இடத்துக்கு இரண்டு கழி போதும். செடியைவிட ஒரு முழம் உயரமாக நட்டு, உச்சியில் குறுக்குக் குச்சி கட்டுங்கள். அப்புறம், செடிக்கு அடியில் கூட்டிப் பெருக்காதீர்கள். தவிட்டுக்குருவி ஆறேழு சேர்ந்து வந்து காது கிழியக் கத்தும், ஆனால் சருகு கிடந்தால்தான் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். செம்பருத்தி இருந்தால் கவாத்து பண்ணாமல் விடுங்கள், தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டும். குஞ்சு பொரித்துவிட்டால் நாள் முழுக்கப் புழு சுமக்கும். தண்ணீருக்கு இரண்டு விரல் ஆழத்தில் மண்தட்டு வைத்துத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுதான் மிச்சம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கத்தரிக்காய்க்குள் போன புழுவைக் குருவி எடுக்காது. வாடித் தொங்கும் நுனியைக் கிள்ளுங்கள், ஓட்டை விழுந்த காயையும் பறித்துவிடுங்கள். அதை மூலையில் குவித்தால் அந்தாகித் திரும்பி வரும். புழு துளைத்த மல்லி மொட்டுக்கும் இதே கதிதான்.

பதில் (மேலூர்)

அக்கா, முருங்கை இருக்கிறது என்கிறீர்கள். மழை விழுந்ததும் கம்பளிப்பூச்சி வரும், அந்த முடிக்குப் பயந்து பெரும்பாலான குருவிகள் தொடாது. சுடலைக்குயில் மட்டும் விரும்பித் தின்னும். கறுப்பும் வெள்ளையுமாக, தலையில் கொண்டையோடு இருக்கும். அது முட்டையிடுவது தவிட்டுக்குருவிக் கூட்டில், அண்ணன் சொன்ன அதே கத்தல் கூட்டத்தை நம்பித்தான்! ஆனால் அது வருமென்று காத்திருக்க வேண்டாம். பகலில் கம்பளிப்பூச்சி அடிமரத்தில் கும்பலாக அடைந்திருக்கும்போது தீப்பந்தம் காட்டிப் பொசுக்கிவிடுங்கள். கைபட்டால் ஊரல் எடுக்கும், சின்னவளை விலக்கி வையுங்கள்.

பதில் (திருமங்கலம்)

பூனை வருமா? தண்ணீர்த்தட்டைத் தரையில் வைத்து இரண்டு குருவியைப் பூனைக்குக் கொடுத்த அனுபவத்தில் கேட்கிறேன்.

கேட்டவர், புரட்டாசியில்

தட்டு இப்போது துவைக்கிற கல்மேல், சுற்றிலும் வெட்டவெளி. பூனை வந்தால் தூரத்திலேயே தெரிகிறது.

கம்பு போடுவதை நிறுத்தியதும் நாலைந்து நாள் புறா சுவரில் உட்கார்ந்து என்னையே பார்த்தது, பாவமாக இருந்தது. பிறகு வரவில்லை. குச்சியில் முதலில் உட்கார்ந்தது காகம். மூன்றாவது வாரம் கரிச்சான் வந்தது. அன்றே காகத்தைத் தெருமுனை வரை விரட்டியது, அதன் அளவுக்கு அந்தத் தைரியம் கொஞ்சம் அதிகம்தான்.

அவரையில் புழு பாதியாகக் குறைந்திருக்கிறது. கத்தரி அண்ணன் சொன்ன மாதிரிதான், காலையில் காபி டம்ளரோடு போய் நுனி கிள்ளுகிறேன். செம்பருத்தியில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. வண்டி நிறுத்த அந்தக் கிளையை வெட்ட வேண்டும் என்று இவர் ஆவணியிலேயே அரிவாள் எடுத்தார். வண்டி இப்போது தெருவில் நிற்கிறது.