பழைய டிராக்டர் ஸ்டார்ட் ஆகாத நாள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நிபோங் தெபால் தோட்டத்துக்காரர்

தேருக்கு முதல் நாள் சாயங்காலம். எங்கள் தோட்டத்துக் கோயில் தேரை இழுப்பது எப்போதும் அந்தப் பழைய மேஸி ஃபெர்குசன் 35 டிராக்டர்தான். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்', அவ்வளவுதான். பேட்டரி புதுசு. ஸ்டார்ட்டரை, அதாவது எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டாரை, ஒரு பட்டறையில் இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். இரண்டு முறையும் பத்து நாள் ஓடியது, மறுபடி 'டக்'.

தம்பி சாவியைத் திருப்பிப் பிடித்திருந்தான். நான் குனிந்து பார்த்தேன். எஞ்சினை நிறுத்த இழுப்போமே, அந்தக் கம்பியிலிருந்து புகை வந்தது. மேலுறை உருகி வழிந்தது. குமிழைத் தொட்டேன், விரல் கொப்பளித்துவிட்டது. அந்தக் கம்பியின் மறுமுனை டீசல் பம்பில்தான் இருக்கிறது. பக்கத்தில் என் எட்டு வயது மகன் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

காரணம் பெயிண்ட். முந்தைய வருஷம் திருவிழாவுக்காகச் சிவப்புப் பெயிண்ட் அடித்தபோது, பேட்டரியை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் பட்டை உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டோம். ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பியில் ஓடியிருக்கிறது. பட்டறையில் ஒவ்வொரு முறை பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதும் போல்ட் கொஞ்சம் உரசிப் பத்து நாள் ஓட வைத்திருக்கிறது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளவென்று தெரியும்வரை தேய்த்தேன். அரைச் சுற்றில் ஸ்டார்ட் ஆனது. தேர் ஓடியது. ஆனால் அந்தப் புகை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கெப்பாளா பத்தாஸ் வயல்காரன்

எங்களுடையது சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20. 1946லிருந்து 1956 வரை கவென்ட்ரியில் செய்தார்களே, அதுதான். வாங்கி வந்த அன்று காலையிலிருந்து ஸ்டார்ட் பட்டனைத் தேடினேன். இல்லை. யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று நினைத்துத் தனியாக ஒரு பட்டன் வாங்கி வயர் இழுக்கவே தொடங்கிவிட்டேன்.

அந்தப் பக்கம் சைக்கிளில் போன ஒரு பெரியவர் இறங்கி வந்தார். ஒரு காலத்தில் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவராம். கண்ணில் புரை, சரியாகப் பார்வை இல்லை. ஒன்றும் கேட்காமல் கியர் கம்பைத் தடவிப் பிடித்து, எஸ் என்ற இடத்துக்குத் தள்ளினார். எஞ்சின் சுற்றியது. எஸ் என்றால் ஸ்டார்ட்! நான் அதை மெதுவாக ஓட்டும் கியர் என்று நினைத்திருந்தேன். கியர் நியூட்ரலைத் தாண்டி அங்கே போனால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கியரில் கிடக்கும்போது வண்டி பாய்ந்து ஆளை ஏற்றிவிடாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் ஐயா என்றேன். வேலை இருக்கிறது தம்பி என்று சைக்கிளை எடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

புக்கிட் மெர்தாஜாம்

நிபோங் தெபால் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. எர்த்தைத் தேய்த்தால் போதும் என்று எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் மாமாவின் 35இல் எர்த் சுத்தமாகத்தான் இருந்தது. பேட்டரி மாற்றியவர் காருக்கு மாட்டுவதுபோல் நெகட்டிவை எர்த்தில் மாட்டிவிட்டார். அந்தக் காலத்து வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி இரும்போடு சேர வேண்டும். ஸ்டார்ட்டர் எப்படி மாட்டினாலும் ஒரே பக்கம்தான் சுற்றும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்தான் கட்-அவுட். கொஞ்ச நேரத்தில் அதன் பாயிண்ட் இரண்டும் ஒட்டிக்கொண்டன. எஞ்சினை நிறுத்திய பிறகும் டைனமோ புகைந்தது. மாமா ஸ்பானரைத் தேடி ஓடியது இன்னும் ஞாபகம்.

ஆகவே, முதலில் உங்கள் வண்டி எந்த எர்த் என்று பாருங்கள். தெரிந்தே மாற்றுவதாக இருந்தால் டைனமோவுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னால், டைனமோவில் எஃப் என்று இருக்கும் டெர்மினலின் வயரைக் கழற்றுங்கள். பேட்டரியில் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து, அந்த எஃப்பில் இரண்டு விநாடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் பழைய வயரை மாட்டுங்கள்.

எர்த்தையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மீட்டர் பிடிக்க வேண்டும். ஒரு முனை பேட்டரியின் எர்த் கொம்பிலேயே, மறுமுனை எஞ்சின் இரும்பில். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ அடைப்பு. நிறைந்த 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. முந்தைய டி.இ.20 எல்லாம் 6 வோல்ட். அதே வேலைக்கு இரண்டு பங்கு கரண்ட் இழுக்கும். காருக்கு விற்கும் மெல்லிய கேபிளை அதில் போட்டால் பேட்டரியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

செந்தூல்

மீட்டர் சரி. ஆனால் காதையும் விடாதீர்கள். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். உலு லங்காட்டில் துரியான் தோட்டத்து டிராக்டரை நான் மூன்று மணி நேரம் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "டக்குன்னு கேட்டுச்சா?" இல்லை என்றேன். "அப்போ பெரிய கேபிளத் தொடாத. சின்ன வயரப் பாரு." சாவியிலிருந்து சோலினாய்டுக்கு, அதாவது ஸ்டார்ட்டருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சுக்கு, போகும் வயரை எலி கடித்து வைத்திருந்தது. ஒரு 'டக்' என்றால் பெரிய கரண்டின் வழி, 'டட்டட்டட்' என்று துடித்தால் பேட்டரி சோர்வு, சத்தமே இல்லை என்றால் சாவிப் பக்கம். இப்போது அப்பாவுக்குக் காது கேட்பதில்லை. சத்தத்தை நான்தான் அவருக்குக் கையால் தட்டிக் காட்டுகிறேன்.

நிபோங் தெபால் தோட்டத்துக்காரர்

கோபம் ஒன்றுமில்லை தம்பி. எங்கள் வண்டியும் பாசிட்டிவ் எர்த்தான், சரியாகத்தான் மாட்டியிருக்கிறோம். நீங்கள் சொன்னபடி இன்று மீட்டர் பிடித்தேன். 0.7 காட்டுகிறது. தேய்த்த இடம் சுத்தமாகத்தான் இருக்கிறது, பட்டைதான் உள்ளுக்குள் பச்சை பூத்துப் போயிருக்கிறது. நாளைக்குப் பட்டர்வொர்த் போய்ப் புதுப் பட்டை வாங்குகிறேன். நிறுத்தும் கம்பியையும் மாற்றிவிடப் போகிறேன். மகன் இன்னும் அந்தக் குமிழைத் தொட மாட்டேன் என்கிறான்.