பாட்டை ஜானர் (இசை வகை) வாரியா பிரிச்சு வைக்கணுமா, வேண்டாமா?

காட்பாடி பாசஞ்சர்:
வணக்கம். 64 ஜிபி மெமரி கார்டுல சுமார் 5,000 எம்பி3 இருக்கு. பாதிக்கு மேல சினிமாப் பாட்டு. மீதி கச்சேரி, தெருக்கூத்து, பம்பை உடுக்கை, நாகூர் ஹனிபா, கிறிஸ்தவக் கீர்த்தனை, கொஞ்சம் தெலுங்கு. ஜானர்னு இருக்கிற இடத்துல பாதிக்கு "சவுண்ட்டிராக்", சிலதுக்கு "அதர்", சிலதுக்கு "ப்ளூஸ்"னு வெளிநாட்டு இசை வகை பேர் இருக்கு! கேக்கறது ரெண்டு இடத்துலதான்: காலைல சென்னை போற ரயில்ல இயர்போன், ஞாயித்துக்கிழமை கார் ஸ்டீரியோ. ஷஃபிள் போட்டா சினிமாப் பாட்டுக்கு அடுத்து கச்சேரியோட முக்கால் மணி நேரப் பல்லவி வந்து உக்காருது. அதுல ஆலாபனை (வார்த்தை இல்லாம ராகம் மட்டும் பாடறது) காதுலயே விழலைன்னு வால்யூமை ஏத்தினா, அடுத்து பம்பை வந்து காதைப் பிளக்குது. உக்காந்து 5,000 பாட்டுக்கும் ஜானர் போடறதுல பிரயோசனம் உண்டா? இல்ல, ஜானர்ங்கறதே சும்மா பேச்சா?

கொசப்பேட்டை:
அந்த "ப்ளூஸ்" எங்கிருந்து வந்துதுன்னு முதல்ல சொல்லிடறேன். ஐடி3ங்கறது எம்பி3 ஃபைலுக்குள்ள பாட்டு விவரத்தை, அதாவது டேகை, எழுதி வைக்கிற முறை. அதோட பழைய முதல் பதிப்புல, ஃபைலோட கடைசி 128 பைட்லதான் பாட்டு விவரம் எல்லாம் அடங்கணும். அதுல ஜானருக்கு ஒரே ஒரு பைட். பேர் எழுத முடியாது, எண் மட்டும்தான். 80 வகை கொண்ட ஒரு பட்டியல்ல 0ன்னா ப்ளூஸ், 12ன்னா அதர், 24ன்னா சவுண்ட்டிராக். ஏதோ ஒரு மென்பொருள் அந்த பைட்டை நிரப்பாம 0ன்னு விட்டிருந்தா, அம்மன் பாட்டு கூட ப்ளூஸ் ஆயிடும். கர்நாடக இசைக்கோ கூத்துக்கோ அந்தப் பட்டியல்ல இடமே கிடையாது. அதனால உங்க கார்டுல இப்ப இருக்கிற ஜானரை நம்பி எதையும் பிரிக்காதீங்க.

ரெண்டாம் பதிப்புல நம்ம இஷ்டத்துக்கு, தமிழ்லயே எழுதலாம். அதுக்கு எம்பி3டேக்ங்கற மென்பொருள் போதும். முதல்ல கார்டை அப்படியே கம்ப்யூட்டர்ல நகல் எடுத்துக்கோங்க, நகல்ல மட்டும் வேலை பண்ணுங்க. ஆப்ஷன்ஸ், டேக்ஸ், எம்பெக்னு போய் எழுதற வடிவத்தை 2.3, யூடிஎஃப்-16னு வைங்க. முதல் பதிப்பை எழுதறதை நிறுத்திட்டு, ஏற்கெனவே இருக்கிறதை நீக்கவும் சொல்லுங்க. அதை விட்டு வெச்சா தமிழ் எழுத்து சில பிளேயர்ல வெறும் கேள்விக்குறியா வரும், பழைய ப்ளூஸும் திரும்ப எட்டிப் பாக்கும்.

உங்க தலைவலிக்கு ஜானரை விட "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" முக்கியம். ஒரு படத்துல ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருந்தா, அந்த இடம் காலியா இருக்கறப்ப பல பிளேயர் ஒரே படத்தை ஆறு ஆல்பமா உடைச்சுக் காட்டும். அங்க இசையமைப்பாளர் பேரைப் போட்டு, ஆர்ட்டிஸ்ட்ல பாடகரை மட்டும் வைங்க.

ஆற்காடு நவாப்:
ஜானர் சும்மா பேச்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்காரர் அடுக்குகிற ஜானர் கேட்பவருக்கு உதவாது. "பக்தி" என்று ஒரு பெட்டி வைத்தால் அதில் சுப்ரபாதம், ஆடி மாதத்து அம்மன் பாட்டு, ஹனிபா, கீர்த்தனை நான்கும் விழும். கேட்கும் நேரமும் ஒன்றில்லை, ஒலியும் ஒன்றில்லை.

"நாட்டுப்புறம்" அதைவிட மோசம். நம் பக்கத்து வடக்கத்திப் பாணிக் கூத்து விடிய விடிய நடக்கிற நாடகம். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், நடுநடுவே கட்டியங்காரன் (கதையை நடத்திப் போகும் கோமாளி) பேச்சு என்று போகும். அதிலிருந்து ஒரு பாட்டை உருவி ஷஃபிளில் போட்டால் யார் யாரிடம் பாடுகிறார் என்றே புரியாது. பம்பை உடுக்கை சாமி அழைக்கிற வாத்தியம். ஒப்பாரி வேறு. கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய காரில் ஒப்பாரி வந்தால் பெரியம்மா ஸ்டீரியோவையே பிடுங்கி எறிவார்.

ஆகவே பிரிக்க வேண்டியது வடிவத்தை வைத்து. மூன்று கேள்வி போதும். எவ்வளவு நீளம்? வரிசை குலைந்தால் கெடுமா? மெல்லிய இடமும் உரத்த இடமும் எவ்வளவு விலகி நிற்கின்றன? சினிமாப் பாட்டு நாலைந்து நிமிடம், தனியே நிற்கும், பெரும்பாலும் ஒரே மட்டத்தில் ஒலிக்கும். கச்சேரியின் நீண்ட உருப்படியான ராகம் தானம் பல்லவி இந்த மூன்று கேள்விக்கும் நேர் எதிர். ரயில் இரைச்சலில் ஆலாபனை அமுங்கி, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிப்பது) மட்டும் மிஞ்சும். அது பாடகரின் குற்றமும் இல்லை, இயர்போனின் குற்றமும் இல்லை.

ஜானர் இடத்தில் ஐந்து பெயருக்கு மேல் வேண்டாம்: சினிமா, கச்சேரி, கூத்து, சாமி, தனிப்பாட்டு. ஒப்பாரிக்கு மட்டும் தனி ஃபோல்டர். தெலுங்குக்குத் தனி ஜானர் தேவையில்லை, மொழிக்கென்று வேறு இடம் இருக்கிறது. ராகம் தெரிந்தால் கமெண்ட்டில் எழுதுங்கள். கமெண்ட்டிலும் தேடுகிற பிளேயரில் "மோகனம்" என்று தட்டினால் கச்சேரியும் சினிமாவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஜானர் வேலியைத் தாண்டிக் கேட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சத்துவாச்சாரி ஆடியோ:
மேல சொன்னது சரி, ஆனா வால்யூம் பிரச்சினை ஜானர் போட்டா தீராது. ரீப்ளேகெய்ன், அதாவது எல்லாப் பாட்டையும் ஒரே சத்த மட்டத்துக்குக் கொண்டு வர்ற வேலை, பண்ணணும். போனுக்கு ஃபூபார்2000ங்கற கம்ப்யூட்டர் பிளேயர்ல ஸ்கேன் பண்ணினா அளவை டேகா மட்டும் எழுதும், பாட்டைத் தொடாது. பிளேயர் செட்டிங்ல அதை ஆன் பண்ண மறக்காதீங்க. பல கார் ஸ்டீரியோ அந்த டேகைப் படிக்கவே படிக்காது. அதுக்கு எம்பி3கெய்ன்ங்கற மென்பொருள். திரும்ப என்கோட் பண்ணாம ஃபைலுக்குள்ள இருக்கிற அளவையே 1.5 டெசிபல் படியா ஏத்தி இறக்கும். இலக்கு 89 டெசிபல்னு வந்து நிக்கும், அதையே விடுங்க. 95, 96ன்னு ஏத்தினா உச்சத்துல கிளிப் ஆகி (அலையோட நுனி வெட்டுப்பட்டு) முகவீணை கிழியும். பழைய நிலைக்குத் திருப்பும் குறிப்பை ஏப்ங்கற இன்னொரு வகை டேக்ல வெச்சிருக்கும். எம்பி3டேக்ல அதை நீக்கிட்டா திருப்ப முடியாது.

சினிமாப் பாட்டுக்கு டிராக் கெய்ன் (ஒவ்வொரு பாட்டையும் தனியா சரி பண்றது), கச்சேரிக்கு ஆல்பம் கெய்ன் (மொத்தக் கச்சேரியையும் ஒரே அளவுல ஏத்தி இறக்கறது). கச்சேரிக்கு டிராக் போட்டா துக்கடாவும் (கடைசில வர்ற சின்னப் பாட்டு) பல்லவியும் ஒரே சத்தமாயிடும். ஆலாபனை அமுங்கறது எதுலயும் தீராது, அது ஒரே டிராக்குக்குள்ள இருக்கிற ஏற்ற இறக்கம். கச்சேரியை வீட்லயே வெச்சுக்கோங்க.

கார்ல இன்னொரு சிக்கல்: 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபாட்ங்கற வடிவத்துல ஃபார்மேட் ஆகியிருக்கும், பழைய ஸ்டீரியோ அதைப் படிக்காது. 32 ஜிபி பென்டிரைவ் வாங்கி ஃபாட்32ங்கற பழைய வடிவத்துல ஃபார்மேட் பண்ணுங்க. விலை ரொம்பக் குறைச்சலா இருந்தா எச்2டெஸ்ட்டபிள்யூங்கற மென்பொருள்ல கொள்ளளவைச் சோதிங்க, போலி நிறைய உலாவுது. பல ஸ்டீரியோ பேர் வரிசைல பாடாது, காப்பி பண்ணின வரிசைலதான் பாடும்; ஃபாட்சார்ட்ங்கற வரிசைப்படுத்தற மென்பொருளை ஓட்டினா சரியாகும். ஃபைல் பேரை ஆங்கில எழுத்துல வைங்க, தமிழ்ல வெச்சா திரையில கட்டம் கட்டமா வரும்.

குடியாத்தம்:
நான் ஜானரைக் காலி பண்ணிடற கட்சி. மியூசிக்பீங்கற கம்ப்யூட்டர் பிளேயர்ல ஆட்டோ பிளேலிஸ்ட் (விதி சொன்னா தானா நிரம்பற பட்டியல்): நீளம் 7 நிமிஷத்துக்குக் கீழ, கடைசியாக் கேட்டு 30 நாள் ஆகியிருக்கணும், ரேட்டிங் 3க்கு மேல. ரயிலுக்கு இது போதும், பல்லவி தானாவே வெளில போயிடும். போனுக்கு அனுப்பறப்ப பட்டியலை எம்3யூ8ங்கற வடிவத்துல சேமிங்க, எம்3யூல தமிழ்ப் பேர் உடையும். பட்டியல்ல இருக்கிற ஃபைல் பாதைல C:, D: மாதிரி டிரைவ் எழுத்து இருந்தா போன்ல ஒண்ணும் பாடாது.

காட்பாடி பாசஞ்சர்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஐந்து ஜானரும் எம்பி3கெய்னும் செஞ்சுடறேன். இன்னொண்ணு: கூத்து எல்லாம் 90 நிமிஷ கேசட்ல இருந்து எடுத்தது, ஒரு பக்கத்துக்கு ஒரே ஃபைல். துண்டு போடலாமா?

ஆற்காடு நவாப்:
போடலாம். எம்பி3டைரக்ட்கட் என்ற மென்பொருளில் வெட்டுங்கள், திரும்ப என்கோட் ஆகாது. பாட்டுக்குப் பாட்டு வெட்டாமல், ஒவ்வொரு வேஷமும் திரை தாண்டி உள்ளே வருகிற இடத்தில் வெட்டுங்கள். டிராக் எண் கட்டாயம், இந்த ஃபோல்டருக்கு ஷஃபிள் கூடாது. ஏ பக்கத்துக் கடைசியையும் பி பக்கத்து முதலையும் ஒட்ட வேண்டாம். கேசட்டைத் திருப்பிப் போட்ட நேரத்தில் பாடியது பதிவிலேயே கிடையாது. ஒட்டினால் தாளம் தடுக்கும்.