காலம் தவறிய மழையும் வெயிலும்: உங்கள் வயலில் கண்டதைச் சொல்லுங்கள்

மேலூர் கடைமடை:
2021 பொங்கல் மழையை நம் மதுரைப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்களுக்குத் தண்ணீர் எப்போதும் கடைசியாகத்தான் வரும், அதனால் அறுப்பும் தள்ளிப் போகும். கதிர் முற்றி, பெல்ட் வைத்த அறுவடை மெஷினுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். மார்கழிக் கடைசியில் பிடித்த மழை விடவே இல்லை, கண்மாய் நிரம்பி மறுகால் போனது. பொங்கலன்று காலை அப்பா வயலுக்குள் இறங்கினார். முழங்கால் தண்ணீர். சாய்ந்து கிடந்த கதிர் ஒன்றைத் தூக்கி என்னிடம் நீட்டினார். மணிக்கு மணி வெள்ளை வேர், நகம் நீளத்துக்குப் பச்சை முளை. நாற்றங்காலில் அதைப் பார்த்தால் கும்பிடுவோம். அப்பா ஒன்றும் பேசாமல் அந்தக் கதிரைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். அந்தப் பொங்கலுக்குக் கடை அரிசிதான். இன்றும் மார்கழியில் ஓட்டின் மேல் மழை விழுந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பேரையூர் கரிசல்:
எங்கள் பாடு வேறு, மழையே இல்லாத பாடு. மானாவாரியில் எல்லோரும் மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தோம். 2018ல் படைப்புழு வந்து குருத்தோடு தின்றுவிட்டது. பக்கத்துக் காட்டில் ஒரு அப்பத்தா மட்டும் குதிரைவாலி போட்டிருந்தார். கிடைத்த கொஞ்ச மழையிலேயே விளைந்துவிட்டது. விதை கேட்டுப் போனபோது உரலில் குத்திக்கொண்டிருந்தார். புடைத்துப் புடைத்துக் குத்தியும் உமி முழுக்கப் போகவில்லை. “வெள்ளாமை பெருசில்லய்யா, இத அரிசியாக்குறதுதான் பாடு. எனக்கப்புறம் யாரு குத்துவா?” என்று உள்ளங்கையைக் காட்டினார். உலக்கை பிடித்த காய்ப்பு கருத்துப் போயிருந்தது. நான் பதில் சொல்லாமல் விதையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் வருடா வருடம் விதைக்கிறேன், ஆனால் உமியோடுதான் வியாபாரிக்குப் போகிறது. மேலூர்க்காரர்களும் சிறுதானியத்துக்கு மாறிவிடுவதே நல்லது.

வாடிப்பட்டி வயக்காடு:
பேரையூர் அண்ணே, கோபப்படாதீர்கள். மேலூர் பக்கம் வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் நெல் விளையும் ஒருபோக நிலமே 85,563 ஏக்கர். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலும் உங்கள் மானாவாரிக் கரிசலும் ஒன்றா? நீங்களே உமி நீக்க வழியில்லை என்கிறீர்கள். அத்தனை பேர் விளைவித்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

என் கதை சின்னது. ஒரு கோடையில் கிணற்றை நம்பி நெல் போட்டேன். பூக்கும் நேரத்தில் வெயில் கொளுத்தியது. முற்றும் பருவத்தில் கதிர் தலை கவிழாமல் விறைப்பாக நின்றது. ஒன்றை உருவி நசுக்கினால் பாதிக்குமேல் பதர். நெல் பூ காலையில் கொஞ்ச நேரம்தான் விரியும். அந்த நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காது. இது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

மேலூர் தம்பிக்குச் சொல்கிறேன். யூரியாவை ஒரே தடவையில் அள்ளிப் போடாதீர்கள், பயிர் கொழுத்துச் சாயும். பிரித்துப் பிரித்துப் போடுங்கள். அறுப்புக்கு முன்னாலேயே வரப்போரம் வடிகால் வெட்டி வையுங்கள், மழை வந்தபிறகு மண்வெட்டி தூக்கிப் பயனில்லை. சாய்ந்த நெல் முளைக்காமல் இருக்க உப்புக் கரைசல் தெளிக்கலாம், லிட்டருக்கு 50 கிராம் கல்லுப்பு. நனைந்த நெல்லை அப்படியே அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகாதீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். தார்ப்பாய் சொந்தமாக வாங்கிவிடுங்கள், மழை நாளில் வாடகைக்குக் கிடைக்காது.

மேலூர் கடைமடை:
அண்ணே, உப்பு விஷயத்தை அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அடுப்படியில் ஊறுகாய்க்கு வாங்கிய கல்லுப்பு ஒரு மூட்டை இருந்தது. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மழை விடாமல் பெய்யும்போது தெளித்தால் கழுவிப் போகாதா? விட்ட இடைவெளியில் தெளிப்பதா, சாய்ந்த அன்றே தெளிப்பதா? இந்தத் தடவையும் நடவு பிந்திவிட்டது, தையில்தான் அறுப்பு.